மப்டி மகாலிங்கம், வகுப்பு இருபத்தொன்பது

12 ஜனவரி 2025, ஞாயிறு

இந்த டைரியை எதிர்வீட்டு மருந்துக் கம்பெனிப் பையன் கொடுத்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வயிற்றுப்போக்கு மாத்திரையின் பெயர் அச்சாகியிருக்கிறது. தாள் நல்ல தாள் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக என்னை அறிமுகம் செய்துகொள்கிறேன். நான் வைத்தியலிங்கம். திருச்சி, வயலூர் ரோடு. கூட்டுறவு வங்கியில் உதவி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதெல்லாம் சும்மா. நான் எழுத்தாளர் குஞ்சிதபாதத்தின் பேரன். மப்டி மகாலிங்கம் என்ற துப்பறிபவரைப் படைத்த அதே குஞ்சிதபாதம். சீருடை போடாத போலீஸ், கையில் குடை, கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் பெயர். தாத்தா நாற்பத்துச் சொச்சம் நாவல்கள் எழுதினார். அத்தனையும் எங்கள் ஹால் அலமாரியில் இருக்கின்றன. ஒன்று விடாமல் நானே தூசி தட்டியிருக்கிறேன்.

புத்தகத்தால் வருமானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மகாலிங்கத்தை வைத்து யார் எதைச் செய்தாலும் என்னிடம் அனுமதி கேட்க வேண்டும். பள்ளி நாடகமா, கல்லூரி ஆண்டு மலரா, பழத்தட்டோடு வருவார்கள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, "ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்றேன்" என்பேன். உடனே கொடுத்தால் மதிப்பு இருக்காது. கடைசியில் எல்லோருக்கும் கொடுத்துவிடுவேன். அது வேறு விஷயம்.

இன்று காலை சென்னையிலிருந்து தாயுமானவன் போன் செய்தான். சித்தப்பா மகன். நல்ல விஷயத்துக்கு அவன் போன் செய்து நான் பார்த்ததில்லை.

"டேய் வைத்தி, தாத்தா செத்தது அறுபத்தஞ்சுல. இந்த டிசம்பரோட அறுபது வருஷக் கணக்கு முடியுது. காப்பிரைட் காலி. வர்ற ஜனவரி ஒண்ணுலேர்ந்து எவன் வேணா மகாலிங்கத்தை வெச்சுக் கதை எழுதலாம், படம் எடுக்கலாம். உன்னை எவன்டா வந்து கேக்கப் போறான்?"

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனும் அதே தாத்தாவின் பேரன்தான். சிரிக்கிறான்.

சாப்பிடும்போது மனைவி தில்லைநாயகியிடம் சொன்னேன். கையில் இருந்த ரசக்கரண்டி அப்படியே நின்றது.

"யார் வேணா எழுதலாமா? நெஜமாவா?"

"ஆமாம்."

"யார் வேணா?"

"அதான் சொல்றேனே!"

அவளுக்கும் அதிர்ச்சி. பாவம், ரசத்தை மோர்க்கிண்ணத்தில் ஊற்றிவிட்டாள்.

10 பிப்ரவரி, திங்கள்

வக்கீல் லூர்துராஜைப் பார்த்தேன். மேலப்புலிவார்டு ரோட்டில் மாடியில் ஆபீஸ். கீழே அல்வாக்கடை. ஏறும்போதே பாதி கவலை போய்விட்டது.

"சார், காப்பிரைட்டுங்கறது வாடகை வீடு. கெடு முடிஞ்சா காலி பண்ணித்தான் ஆகணும். டிரேட் மார்க்குன்னு ஒண்ணு இருக்கு, அது சொந்த வீடு. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சா போதும், எத்தனை தலைமுறைக்கும் ஓடும். ஆனா பூட்டிப் போடக் கூடாது. குடியிருக்கணும்."

"குடியிருக்கறதுன்னா?"

"அந்தப் பேர்ல எதையாவது விக்கணும் சார்."

"அவர் துப்பறிபவர். எதை விப்பார்?"

"எதை வேணா விக்கலாம். சோப்பு, பனியன், ஊதுபத்தி. கதாபாத்திரத்துக்குன்னு தனி வகுப்பு சட்டத்துல கெடையாது. சரக்குக்குத்தான் வகுப்பு. மகாலிங்கம் படத்தைப் பார்த்தா இது இன்னாரோட சரக்குன்னு சனம் நெனைக்கணும், அவ்வளவுதான். கதைல அவர் என்ன சாப்பிடுவார்?"

"காபி" என்றேன். பள்ளி விழாக்களில் எப்போதும் அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நாயகியிடம் சொன்னதும், "காபியா! மோர்ங்க" என்றாள். "கடைசி அத்தியாயத்துல எல்லாரையும் ஒக்கார வெச்சுட்டு, 'மோர் கொண்டு வாருங்கள், முடிச்சை அவிழ்க்கிறேன்'னு சொல்லுவார். ஒவ்வொரு கதையிலயும் சொல்லுவாரே." கல்யாணமாகி வந்ததிலிருந்து மத்தியான வேளைகளில் இவள் அந்தப் புத்தகங்களைத்தான் புரட்டிக்கொண்டிருப்பாள். பொழுது போக வேண்டுமே.

மோரைப் பொட்டலம் கட்ட முடியாது. மோர்மிளகாயைக் கட்டலாம். நாயகி போடும் மோர்மிளகாய் எங்கள் தெருவில் பிரசித்தம். இந்த யோசனை எனக்கு ஒரே நிமிடத்தில் தோன்றியது. துப்பறியும் ரத்தம் வேறு எப்படி ஓடும்!

11 பிப்ரவரி, செவ்வாய்

லூர்துராஜ் போனில் கேட்டார், விண்ணப்பம் யார் பெயரில் என்று. என் பெயரில் போட்டால் நாளைக்குத் தாயுமானவன் பூர்வீகச் சொத்து, பாதிப் பங்கு என்று வந்து நிற்பான். மனை வாங்கும்போது செய்ததையே செய்தேன். சம்சாரம் பெயரில் போடச் சொல்லிவிட்டேன். உணவு உரிமமும் அவள் பெயரிலேயே. பங்காளி இனி தலைகீழாக நின்றாலும் நடக்காது.

16 மார்ச், ஞாயிறு

மொட்டைமாடியில் மோர்மிளகாய்க் காய்ச்சல். மிளகாயைக் கீறி, உப்பு மோரில் ஊறவைத்து, பகலெல்லாம் வெயிலில் போட்டு, சாயங்காலம் மறுபடி மோரில் போட வேண்டும். நாயகி இதெல்லாம் செய்கிறாள். நிர்வாகம் என்னுடையது. அதாவது காக்காய் ஓட்டுவது.

பொட்டலத்துக்குப் படம் வரையும் ஆர்ட்டிஸ்ட் வந்தார். மகாலிங்கம் எப்படி இருப்பார் என்று கேட்டார். பழைய அட்டைப் படங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கின்றன. ஒன்றில் மீசை இருக்கிறது, இன்னொன்றில் தலையே இல்லை, செல்லரித்திருக்கிறது. ஆர்ட்டிஸ்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெயிலுக்காகக் குடையை விரித்துப் பிடித்து, மிளகாய்க்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"சார், அப்படியே இருங்க" என்றார்.

தாத்தா மனதில் யாரை நினைத்து எழுதினாரோ, அந்தச் சாடை பேரனுக்கு வராமலா போகும்! அரைமணி நேரம் அசையாமல் இருந்தேன். ஒரு காக்காய் நாலு மிளகாயைத் தூக்கிக்கொண்டு போனது. கலைக்காக விட்டுக்கொடுத்தேன்.

நாயகி படத்தைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மகாலிங்கம் குடையை விரிக்கவே மாட்டார்ங்க. கொட்டுற மழையில நனைஞ்சுக்கிட்டே போவார். ஏன்னு கடைசி நாவல்லதான் தெரியும்."

"ஏன்?"

"படிச்சுப் பாருங்க."

நேரம் எங்கே இருக்கிறது?

28 மார்ச், வெள்ளி

விண்ணப்பம் போய்விட்டது. மோர்மிளகாய் வருவது இருபத்தொன்பதாம் வகுப்பாம். லூர்துராஜ் பதினாறாம் வகுப்பிலும் ஒன்று போட்டுவிடலாமா என்றார்.

"அது என்ன?"

"புத்தகம், அச்சு சமாச்சாரம்."

"புத்தகம் எவன் சார் வாங்குறான்? மோர்மிளகாய் போதும்" என்றேன். ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம். வக்கீல்கள் இப்படித்தான் ஒன்றோடு ஒன்றைக் கோத்துவிடுவார்கள்.

நாயகி கையெழுத்துப் போடுமுன் எல்லாத் தாளையும் முதல் வரியிலிருந்து படித்தாள். சந்தேகம் வேறு கேட்டாள். "உரிமையாளர்னா நான்தானா? இவர் இல்லையா?" லூர்துராஜ், "சட்டப்படி நீங்கதான் மேடம்" என்றார். வங்கியில் எத்தனையோ ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒருவர்கூடப் படித்ததில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது.

இனி பெயருக்கு மேல் ஓரமாக 'டிஎம்' என்று சின்னதாகப் போட்டுக்கொள்ளலாமாம். பதிவானபின் வட்டத்துக்குள் 'ஆர்'. ஹால் அலமாரியில் இருக்கும் புத்தகங்களில் பென்சிலால் போட ஆரம்பித்தேன். நாயகி பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

6 மே, செவ்வாய்

டிரேட் மார்க் ஆபீஸிலிருந்து ஆட்சேபணை வந்திருக்கிறது. மகாலிங்கம் என்பது சுவாமி பெயர், ஊரில் பலருக்கும் உள்ள பெயர், ஒருவருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்கிறார்கள். லூர்துராஜ் பதில் எழுதினார்: சுவாமி மப்டியில் வருவதில்லை.

இதற்கு வக்கீல் கட்டணம் தனி. ஆனால் நல்ல பதில்தான்.

21 ஜூலை, திங்கள்

டிரேட் மார்க் ஆபீஸ் போடும் வணிகக்குறி இதழில் மகாலிங்கம் வந்துவிட்டார்! கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுத்து வந்தேன். மேலே ஒரு நெத்திலிக் கருவாடு, கீழே ஒரு கடலை எண்ணெய், நடுவில் குடையோடு நான். அதாவது மகாலிங்கம். நாலு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு. தாயுமானவன் இந்த இதழையெல்லாம் படிக்கிற ஜாதி இல்லை.

லூர்துராஜ் சொன்ன ஒரு விஷயம் மனதை என்னவோ செய்தது. தாத்தா செத்து அறுபது வருடத்தில் அவருடைய நாற்பத்துச் சொச்சம் நாவல்களுக்கும் காவல் முடிந்துவிடுகிறது. மோர்மிளகாய்க்கு முடிவே இல்லை. மிளகாய் காய்கிற வரைக்கும் மகாலிங்கம் சாகமாட்டார். தாத்தா இதைத் தெரிந்துகொண்டிருந்தால் எழுதியே இருக்கமாட்டார், மாடியில் பாய் விரித்திருப்பார்.

2 செப்டம்பர், செவ்வாய்

நாயகி மத்தியானமெல்லாம் போனில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறாள். கேட்டால் "வாட்ஸ்அப்" என்கிறாள். அந்தக் காலத்தில் புத்தகமாவது படித்தாள். இந்தப் போன் வந்து குடும்பங்கள் கெட்டன.

15 நவம்பர், சனி

பெருமாள் கோயில் தெரு மளிகைக்கடைக்குப் பொட்டலம் போடப் போனேன். கல்லாவில் இருந்த அம்மாள் கேட்டாள், "இந்த மகாலிங்கந்தானே சார் புதுக் கதையில வரப்போறாரு?"

போனில் கதை படிக்கும் செயலி ஒன்று இருக்கிறதாம். அதில் ஓர் அறிவிப்பு. 'மப்டி மகாலிங்கம் திரும்பி வருகிறார். புத்தம் புதிய தொடர். ஜனவரி 1 முதல் தினமும் ஓர் அத்தியாயம். எழுதுவது: தாழ்ப்பாள்.'

தாழ்ப்பாளாம்! முகத்தைக் காட்டக்கூடத் துணிவு இல்லை. அனுமதி இல்லை, கடிதம் இல்லை, ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்லை.

நாயகியிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஜனவரி ஒண்ணுலேர்ந்துன்னுதானே போட்டிருக்கு. சட்டப்படிதானே செய்றாங்க" என்றாள்.

"நீ யார் பக்கம்?"

"நான் சட்டத்தின் பக்கம்" என்றாள். அப்படியே மகாலிங்கம் பேசுவது போல இருந்தது. இவள் ரொம்பப் படித்துவிட்டாள்.

5 டிசம்பர், வெள்ளி

பதிவாகிவிட்டது! வட்டத்துக்குள் 'ஆர்'. சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில், தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். உரிமையாளர் திருமதி தில்லைநாயகி என்று போட்டிருக்கும் இடத்தில் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது. படிக்க முடியாது. நல்லதாகப் போயிற்று.

தாழ்ப்பாளே, வா. கதவு திறந்துதான் இருக்கிறது.

31 டிசம்பர், புதன்

தாத்தாவின் கடைசி நாள் போல இருக்கிறது. அவர் இறந்தபோது நான் கைக்குழந்தை. ஆனாலும் இன்று சோறு இறங்கவில்லை. நாளையிலிருந்து நான் யார் என்று ஒரு கேள்வி. ஓய்வு பெற்ற உதவி மேலாளர். அவ்வளவுதானா? ஒன்பது மணிக்கே படுத்துவிட்டேன்.

1 ஜனவரி 2026, வியாழன்

காலையில் எழுந்தபோது நாயகி ஹாலில் போனோடு உட்கார்ந்திருந்தாள். புத்தாண்டு வாழ்த்து அனுப்புகிறாளாம். கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

தாழ்ப்பாளின் முதல் அத்தியாயம் வந்துவிட்டது. குற்றங்களைக் குறித்துக்கொள்வதற்காக மட்டும் படித்தேன். மழையில் நனைந்துகொண்டு மகாலிங்கம் உறையூருக்கு வருகிறார். கையில் குடை இருக்கிறது, விரிக்கவில்லை. உள்ளே தாழிட்ட அறையில் அரிசி மில் முதலாளி செத்துக் கிடக்கிறார். மேஜையில் சாம்பார் சாதம், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

யார் கொன்றிருப்பார்கள் என்பதில் எனக்கு எந்த அக்கறையும் இல்லை. மில் கணக்கப்பிள்ளை மேல்தான் சந்தேகம்.

3 ஜனவரி, சனி

மூன்று அத்தியாயம் வந்தாயிற்று. ஆயிரக்கணக்கான பேர் படிக்கிறார்கள். நானும் துப்பறியும் பரம்பரைதான். எழுதியவரைப் பற்றி நான் கண்டுபிடித்தவை:

ஆண். இவ்வளவு கச்சிதமாகக் கொலை செய்யப் பெண்களுக்கு வராது. வயது முப்பதுக்குள். கோயம்புத்தூர் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகாதவன், ஏனென்றால் குக்கர் எத்தனை விசில், கேஸ் எப்போது தீரும் என்பதெல்லாம் துல்லியமாக எழுதுகிறான். தனியே சமைத்துச் சாப்பிடுகிற பையன். மனித சுபாவமும் தெரியாது. கதையில் மகாலிங்கம் தங்கும் வீட்டில் பஞ்சலிங்கம் என்று ஒரு மைத்துனர். பிரிட்ஜைத் திறந்துவைத்து, எதிரே நின்றுகொண்டே, "மோர் எங்க இருக்கு?" என்று பெண்டாட்டியைக் கத்திக் கூப்பிடுகிறார். தினமும் டைரி எழுதி அதைப் பனியனுக்கு அடியில் ஒளித்து வைக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. இப்படி ஒரு மனிதனை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. மிகைப்படுத்தல்.

டைரியை இன்றிலிருந்து வேட்டிக்கு அடியில் வைக்கிறேன்.

5 ஜனவரி, திங்கள்

லூர்துராஜிடம் போனேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியே தீரவேண்டும் என்றேன். அவர் மழுப்பினார்.

"சார், கதை எழுதுறதை இதை வெச்சு நிறுத்த முடியாது. வேற எவனாச்சும் இதே பேர்ல மோர்மிளகாய் வித்தா கழுத்தைப் பிடிக்கலாம். புத்தகத்துக்குப் பதினாறாம் வகுப்பு போடலாம்னு அன்னிக்கே சொன்னேன்."

"அனுப்புங்க சார். பயந்தாவது போவான்."

"நீங்க போன்ல சொன்னதுமே அந்தச் செயலிக்காரங்களுக்கு மெயில் போட்டேன். எழுதுறவங்களே உடனே பதில் போட்டுட்டாங்க. பேர், அட்ரஸ் எல்லாம் குடுத்து, நோட்டீஸை வீட்டுக்கே அனுப்புங்க, வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டாங்க. அதுல சின்ன சிக்கல் சார். அந்தப் பேரு..."

"பேரெல்லாம் எனக்கு வேண்டாம்."

"இல்ல சார், அட்ரஸைப் பாத்தீங்கன்னா..."

"அட்ரஸும் வேண்டாம்! பேர் தெரிஞ்சா நம்ம ஜாதிசனமா இருக்கும், யாராவது சிபாரிசுக்கு வருவான், எனக்கு மனசு எளகிடும். யாரா இருந்தாலும் தயவு தாட்சண்யம் பாக்காம அனுப்புங்க."

லூர்துராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் இருமினார். "கட்சிக்காரர் மேடம் ஆச்சே, அவங்க சம்மதம் வேணுமே" என்றார். அங்கேயே நாயகிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் பேசினாள். "தாராளமா அனுப்புங்க சார். அவர் ஆசைப்படுறார்ல."

இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்கு அமையும்!

9 ஜனவரி, வெள்ளி

காலை பதினோரு மணி. தபால்காரர் வந்தார். பதிவுத்தபால் நின்றுபோய் இப்போது எல்லாம் ஸ்பீட் போஸ்ட்.

"தில்லைநாயகி மேடம் இருக்காங்களா?"

"மாடியில மிளகா திருப்புறா. நான் வாங்கிக்கிறேன்." கையெழுத்துப் போட்டேன். லூர்துராஜின் முத்திரை. கட்சிக்காரருக்கு நகல் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துப் பிரித்தேன். அதன் முதல் பத்தியை அப்படியே இங்கே ஒட்டியிருக்கிறேன்:

'திருச்சி, வயலூர் ரோட்டில் வசிக்கும் எமது கட்சிக்காரர் திருமதி தில்லைநாயகி அவர்களின் அறிவுறுத்தலின்பேரில், அதே முகவரியில் வசிக்கும், தாழ்ப்பாள் என்ற புனைபெயருடைய திருமதி தில்லைநாயகி ஆகிய தங்களுக்கு இந்த அறிவிப்பை அனுப்புகிறோம். எமது கட்சிக்காரருக்குச் சொந்தமான மப்டி மகாலிங்கம் என்ற பெயரைத் தாங்கள் எமது கட்சிக்காரரின் அனுமதியின்றிப் பயன்படுத்துவதாக...'

மூன்று தடவை படித்தேன். உடனே லூர்துராஜுக்குப் போன் செய்து கத்தினேன்.

"நீங்கதான சார் பேரே வேண்டாம்னீங்க" என்றார். "இப்ப நிலவரத்தைச் சொல்றேன். காப்பிரைட் முடிஞ்சதால கதைய மேடம் எழுதலாம். டிரேட் மார்க் மேடம் பேர்லயே இருக்கறதால மோர்மிளகாயையும் அவங்கதான் விக்கலாம். நீங்க பொட்டலத்தைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போடுறது சட்டப்படி அவங்க அனுமதியிலதான். அப்புறம், அந்தப் படம்..."

"எந்தப் படம்?"

"குடை பிடிச்ச படம். உங்க முகம் சார். அதுவும் மேடம் பேர்லதான் பதிவாயிருக்கு."

மாடிக்குப் போனேன். நாயகி ஸ்டூலில் உட்கார்ந்து மிளகாயைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நோட்டீஸை நீட்டினேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கார்" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அந்த அலமாரியை நீங்க தூசி தட்டுனீங்க. நான் தொறந்தேன். இந்த வீட்டுல மத்தியானத்துல என்கூடப் பேசிக்கிட்டு இருந்தது மகாலிங்கம் ஒருத்தர்தான். எல்லாக் கதையும் முடிஞ்சுபோனப்ப, நான் ஒண்ணு எழுதிப் பாக்கட்டுமான்னு உங்ககிட்ட கேட்டேன். நம்ம பையனைப் பள்ளிக்கூடத்துல சேத்த வருஷம். ஞாபகம் இருக்கா?"

எனக்கு இல்லை.

"கண்ணாடியைக் கழட்டித் தொடச்சீங்க. ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்றேன்னீங்க" என்றாள். பிறகு குனிந்து மிளகாயைத் திருப்ப ஆரம்பித்தாள்.

நான் அங்கேயே நின்றேன். காக்காய் வந்தது. ஓட்டவில்லை.

10 ஜனவரி, சனி

எனக்கு அழுகை வந்தது. மிளகாய் நெடி என்று எழுத நினைத்தேன். இல்லை.

12 ஜனவரி, திங்கள்

எடமலைப்பட்டிப்புதூர் பள்ளியிலிருந்து தமிழாசிரியை ஒருவர் போன் செய்தார். ஆண்டு விழாவில் மகாலிங்கம் நாடகம் போட வேண்டுமாம். பழக்க தோஷம், கை கண்ணாடிக்குப் போனது. "மேடத்துக்கிட்ட குடுங்க சார், தாழ்ப்பாள் மேடம்" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

நாயகி, "தாராளமாப் போடுங்க டீச்சர். இதுக்கெல்லாம் யாரையும் கேக்க வேண்டாம். பிள்ளைங்களுக்கு மோர் மட்டும் நெசமாவே குடுங்க" என்றாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இப்படிச் சட்டென்று கொடுத்தால் மதிப்பு என்ன ஆவது என்று வாய்வரை வந்துவிட்டது. அந்தப் பக்கம் அந்த ஆசிரியை சந்தோஷத்தில் கத்தியது எனக்கே கேட்டது. நான் அனுமதி கொடுத்த யாரும் அப்படிக் கத்தியதில்லை.

தாயுமானவனும் பேசினான். "அண்ணி கலக்குறாங்கடா!" அத்தோடு விடவில்லை. "ஆமா, அந்தப் பஞ்சலிங்கம் யாருடா?"

போனை வைத்துவிட்டேன்.

13 ஜனவரி, செவ்வாய்

காலையிலிருந்து உட்கார்ந்து, வெளிவந்த எல்லா அத்தியாயத்தையும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். இந்த முறை குற்றம் குறிக்கவில்லை. கணக்கப்பிள்ளை இல்லை, அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. முதலாளியின் தம்பி மனைவியும் இல்லை. அறை உள்ளே தாழிட்டிருக்கிறது. சாதம் ஆறிக் கிடக்கிறது. மகாலிங்கம் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டார். அங்கே நிற்கிறது. நாளைக்குப் போகி விடுமுறை, கடைசி அத்தியாயம் பொங்கலன்றுதானாம்.

எப்படிப் பொறுப்பது? பஞ்சலிங்கத்தின் மேல்கூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அந்த ஆளுக்குக் கொலை செய்யும் அளவுக்குச் சாமர்த்தியம் போதாது. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவர் மழையில் நனையும் மகாலிங்கத்துக்குத் துண்டு எடுத்துக்கொண்டு ஓடுகிறார். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. ஆள் அவ்வளவு மோசமில்லை என்று எழுதியவளுக்கும் தோன்றியிருக்கிறது.

நாயகி ஹாலில் போனோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருடங்களில் என்னிடம் வந்து நின்றவர்கள் எல்லாம் எப்படி ஆரம்பித்தார்கள் என்று யோசித்தேன். சமையல்கட்டுக்குப் போய், தட்டில் நாலு வாழைப்பழம் வைத்து எடுத்துவந்தேன்.

"என்னங்க இது?"

"கடைசி அத்தியாயத்தை முன்னாடியே படிக்கணும். அனுமதி வேணும்."

அவள் பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானை நுனியால் ஒரு பக்கம் துடைத்தாள், இன்னொரு பக்கம் துடைத்தாள்.

"ரெண்டு வாரம் கழிச்சு..." என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் இப்படிச் சிரிப்பாள்.

"நாயகி, யார் கொன்னது? பேரை மட்டுமாவது சொல்லிடு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மோர் கொண்டு வாருங்கள். முடிச்சை அவிழ்க்கிறேன்."

ஓடினேன். பிரிட்ஜைத் திறந்தேன். பால் இருந்தது, தயிர் இருந்தது, நேற்றைய ரசம் இருந்தது. எதிரே நின்றுகொண்டு வாயைத் திறந்தேன். மோர் எங்கே இருக்கிறது என்று கத்தப் போனவன், வாயை மூடிக்கொண்டேன். நானே தேடினேன்.

இரண்டாம் தட்டில், கண்ணெதிரேதான் இருந்தது.